தேர்ச் சக்கரமும் கார்ச் சக்கரமும்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் முதலில் மலையைத் தரிசிப்பார்கள். 2,668 அடி உயரமுள்ள அந்த மலை, ஊர் வருவதற்கு வெகு தூரத்துக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு ராஜகோபுரம். அப்புறந்தான் மற்றதெல்லாம். ஆனால் சென்ற முறை நான் அந்த க்ஷேத்திரத்துக்குப் போயிருந்தபோது முதன் முதலாகத் தரிசித்தது ஒரு மோட்டார் டயரை. அதுவும் சாலை ஓரத்தில், வெயிலில், முழங்காலிட்டுத் தரிசித்தேன். அவ்வழியே சென்ற ஒரு பெரியவர், நான் மலையை நோக்கி நமஸ்காரம் செய்வதாக எண்ணிக்கொண்டு தாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். என் சகோதரியின் பிள்ளை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறிய கார் வாங்கினான். நல்ல வண்டி. ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு குறை இருந்தது: சக்கரங்கள் சின்னவையாம்! “பக்கத்து வீட்டுக் காரைப் பாருங்கள், மாமா! சக்கரம் எவ்வளவு கம்பீரமாயிருக்கிறது! நம்முடையது பொரியுருண்டை மாதிரி இருக்கிறதே!” என்று பல நாள் புலம்பினான். கடைசியில் ஒரு நாள் கடைக்குப் போய், வண்டியோடு வந்த 15 அங்குல இரும்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளவென்று மின்னும் 17 அங்குல அலாய்ச் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு வந்தான். மேற்படி சக்கரங்களுக்கு அவன் கொடுத்த விலையைக் கேட்டு அவன் தாயார் அன்றிரவு சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டோம். வண்டியில் ஐந்து பேர். பின்னால் மூட்டை முடிச்சுகள். திண்டிவனம் தாண்டுகிறவரையில் ஒன்றும் தெரியவில்லை. வேகம் 80-ஐத் தொட்டபோது மாத்திரம் ஸ்டியரிங் சற்று நடுங்கியது. “ரோடு அப்படி, மாமா!” என்றான். செஞ்சிக் கோட்டையைக் கடந்து மேற்கே திரும்பிய பிறகு, சாலையில் எங்கெல்லாம் பள்ளம் வந்ததோ அங்கெல்லாம் பின்பக்கத்திலிருந்து ‘கிரீச்’சென்று ஒரு சப்தம். கீழ்பென்னாத்தூருக்கு வரும்போது சப்தத்தோடு ரப்பர் கருகும் வாசனையும் சேர்ந்துகொண்டது. திருவண்ணாமலை எல்லையில் ஒரு பஞ்சர் கடை முன்னால் வண்டியை நிறுத்தினோம்.

கடைக்காரர் வயதானவர். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின் சக்கரத்தின் உச்சிக்கும் தகரத்துக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். விரல் நுழையவில்லை. “சாமி, இங்கே வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். அப்போதுதான் நான் முழங்காலிட்டது. டயரின் தோள் விளிம்பில் கத்தியால் சீவினாற்போல் ஒரு வெட்டு. வெட்டுக்குள் வெள்ளையாய் நூல் தெரிந்தது. “இதை வச்சுக்கிட்டுப் பட்டணம் போய்ச் சேர மாட்டீங்க. வழியிலே வெடிச்சிருந்தா வண்டி உருண்டிருக்கும்” என்றார் அவர். வண்டிக்குள்ளே என் சகோதரி குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கடையில் இவனுக்குப் பூட்டிய டயரின் பக்கச் சுவரில் ‘205/55 ஆர் 17’ என்று எழுதியிருந்தது. கழற்றிய பழைய டயரில் இருந்தது ‘185/65 ஆர் 15’. இந்த எண்கள் எல்லாக் கார் டயரிலும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகந்தான். எனக்கும் அன்று வரையில் தெரியாது. அன்று மத்தியானம் சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்து பென்ஸிலும் காகிதமுமாகக் கற்றுக்கொண்டேன்.

முதல் எண், டயரின் அகலம்: 185 மில்லிமீட்டர். இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம். அது மில்லிமீட்டரில் அல்ல, அகலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில் இருக்கிறது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 185-இல் நூற்றுக்கு 65 என்றால் 120 மில்லிமீட்டரும் சொச்சமும். ‘ஆர்’ என்பது ரேடியல் என்ற அமைப்பைக் குறிப்பது. பிரான்ஸ் தேசத்து மிஷலின் கம்பெனி 1946-இல் உரிமை பதிவு செய்து, 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை அது. கடைசி எண், டயர் உட்காரும் உலோக வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் நூற்றுவீதமும் அங்குலமும்! இப்படி மூன்று பாஷையில் ஒரு வாக்கியம் எழுதியவர் யாராயிருந்தாலும் அவருக்கு வாழைப்பழக் கடையில் கணக்கெழுத வேலை கொடுக்கமாட்டேன்.

இனி கூட்டிப் பார்க்கலாம். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். அதன் மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர்கள்: 240.5. ஆக, பழைய சக்கரத்தின் மொத்தக் குறுக்களவு 621.5 மில்லிமீட்டர். புதியது? 17 அங்குலம் என்பது 431.8, பக்கச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து 225.5; மொத்தம் 657.3. அதாவது, ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் அதிகம். நூற்றுக்கு ஆறு பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

“36 மில்லிமீட்டர் ஒரு பிரமாதமா, மாமா?” என்றான் பிள்ளையாண்டான். பிரமாதந்தான், அப்பனே! தகரத்துக்கும் டயருக்கும் நடுவே கம்பெனிக்காரன் விட்டிருந்த இடைவெளியில் ஒரு பங்கை அந்த உயரமே விழுங்கிவிட்டது. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தபோது, மிச்சமும் போய்விட்டது. அது மட்டுமல்ல. வேகம் காட்டும் முள், சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதைக் கொண்டு கணக்கிடுவது. சக்கரம் பெரிதானது முள்ளுக்குத் தெரியாது. முள் 80 என்று சொல்லும்போது, பழைய கணக்குப்படி 80 என்றால் உண்மையில் வண்டி 84-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டணத்திலிருந்து இங்கே வர 190 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி 180 என்றுதான் எழுதிக்கொள்ளும். என்ஜினுக்கோ, எப்போதும் ஒரு சிறு மேட்டில் ஏறுவது போன்ற சிரமம். பிரேக்கும் அந்தப் பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்தியாகவேண்டும்.

நிற்க. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு நாங்கள் நடந்தே கோயிலுக்குப் போனோம். தேரடி வீதியில் பெரிய தேர் நின்றது. மேலே மூடியிருந்தார்கள்; கீழே இரும்புச் சக்கரங்கள் மாத்திரம் தெரிந்தன. குழந்தை அதன் அருகே போய் நின்றுகொண்டு, “இந்தச் சக்கரம் போடலாமே, அப்பா!” என்றது. அதன் தகப்பன் சிரிக்கவில்லை.

கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் இங்கே ஐந்து தேர்கள் ஓடுகின்றன. விநாயகர் தேர், முருகன் தேர், அண்ணாமலையார் ஏறும் மகா ரதம், பெண்மணிகளே வடம் பிடிக்கும் அம்மன் தேர், குழந்தைகள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர். இந்த நாட்டில் சக்கரத்தைப் பெரிதாக்குவது பற்றிய முதல் சாஸ்திரம் தேரில்தான் பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதன்மேல் தாண்டிப் போகும். நம் கட்டை வண்டிச் சக்கரம் ஆள் மார்பளவு உயரம் இருந்ததற்கும் அதுவே காரணம். தேருக்கு மரச் சக்கரமும் மர அச்சும் இருந்த காலத்தில், அச்சு முறிந்து நடுவீதியில் நாட்கணக்காகத் தேர் நின்ற கதையைப் பல ஊர்க்காரர்கள் சொல்வார்கள். திருச்சியிலுள்ள பெல் தொழிற்சாலை, நம் மாகாணத்துத் தேர்கள் பலவற்றுக்கு இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் வார்த்துக் கொடுத்தது. திருவாரூர் ஆழித் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் அங்கேதான் செய்தார்கள். கொதிகலன் செய்ய ஏற்பட்ட தொழிற்சாலை தேர்ச் சக்கரம் செய்ததை நினைத்தால் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். சக்கரத்தை மாற்றியவர்கள் அச்சையும் மாற்றினார்கள், நிறுத்தும் வழியையும் யோசித்தார்கள் என்பதை மட்டும் என் மருமகப் பிள்ளைக்கு அங்கேயே எடுத்துச் சொன்னேன்.

ஆனால் தேர்ச் சக்கரத்தை வைத்துக்கொண்டு கார்ச் சக்கரத்தைப் பற்றி முடிவு செய்வது தப்பு. பையனின் மூளையில் ஏற்பட்ட குழப்பமும் அதுவே. தேர்ச் சக்கரம் முழுவதும் கெட்டி. கார்ச் சக்கரத்தில் வண்டியைச் சுமப்பது இரும்பும் அல்ல, ரப்பரும் அல்ல; உள்ளே அடைத்த காற்று. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி கடகடவென்று குலுங்குவதைப் பொறுக்காமல் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றினார். அவருக்கு முன்பே 1845-இல் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதே யோசனைக்கு உரிமை வாங்கியிருந்தார். பாவம், அப்போது மோட்டாரும் இல்லை, சைக்கிளும் இல்லை.

ஆகவே, உலோக வட்டத்தைப் பெரிதாக்கும்போது ரப்பர்ச் சுவரை அதே அளவு குறைத்து, மொத்தக் குறுக்களவு மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் சரியான முறை. அப்போது பள்ளத்தைத் தாண்டும் சக்தி கடுகளவும் கூடுவதில்லை. மாறாக, குலுக்கலைத் தாங்கும் காற்று மெத்தை மெலிந்து போகிறது. பெரிய சக்கரம் போட்டால் கரடுமுரடான ரோட்டில் சுகமாயிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வளைவுகளில் வண்டி சற்று உறுதியாய்த் திரும்பும், பார்வைக்கு அழகாயிருக்கும். லாபம் அவ்வளவே. அழகுக்காகச் செலவு செய்வது குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. கோபுரத்துக்குப் பதினொரு நிலை எதற்கு என்று கேட்கிற ஜாதி அல்ல நான்.

சரி, 185/65 ஆர் 15-க்குப் பதில் எது பொருந்தும்? 195/55 ஆர் 16 என்ற அளவைப் போட்டுப் பாருங்கள். 406.4 மில்லிமீட்டரும் 214.5-ம் சேர்ந்து 620.9. பழையதற்கும் இதற்கும் அரை மில்லிமீட்டர் சொச்சந்தான் வித்தியாசம். 17 அங்குலமே வேண்டும் என்று பிடிவாதமாயிருந்தால் 205/45 ஆர் 17; மொத்தம் 616.3. இதுவும் நூற்றுக்கு ஒன்றுக்குள்தான். நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்குக்குமேல் வித்தியாசம் கூடாது என்பது நிபுணர்கள் அபிப்பிராயம். ஆனால் இந்தக் கடைசி டயரின் பக்கச் சுவர் 92 மில்லிமீட்டர். பழையதைவிட 28 மில்லிமீட்டர் குட்டை. மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த குழியில் 60 வேகத்தில் விழுந்தால், உலோக விளிம்பு நேராகக் குழியின் ஓரத்தைச் சந்திக்கும். விளிம்பு நெளியும், அல்லது டயரின் சுவரில் எலுமிச்சம்பழம்போல் ஒரு வீக்கம் கிளம்பும். அப்படி வீங்கிய டயரை ஒட்டுப் போட முடியாது. தூக்கி எறிய வேண்டியதே.

அளவுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 88 எச் என்று வைத்துக்கொள்வோம். 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை பொறுக்கும். 87 என்றால் 545 கிலோ. 84 என்றால் 500. மேலே சொன்ன 205/45 ஆர் 17 டயர் சாதாரண ரகத்தில் 84. அதிக பாரம் தாங்கும் ரகத்தில் 88. கடைக்காரர் சொல்லாமலே முதலாவதை மாட்டிவிடக்கூடும். நாம்தான் கேட்டு வாங்கவேண்டும். கம்பெனி கொடுத்த பார எண்ணுக்குக் கீழே இறங்குவதற்கு ஒரே ஒரு நியாயம் உண்டு: அதே வண்டியின் விலையுயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே அந்த டயரைக் கொடுத்திருந்தால் பயமில்லை.

சொல்லப்போனால், இந்த ஆராய்ச்சி முழுவதற்கும் ஒரு குறுக்கு வழி அதுவே. நம் வண்டியின் உயர்ந்த ரகத்தில் என்ன சக்கரம், என்ன டயர் என்று விசாரித்து அதையே வாங்கிவிட்டால், மூளையைக் கசக்கவேண்டியதில்லை. சட்டத்துக்கும் அதுவே நெருக்கமானது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் கம்பெனியின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாதென்கிறது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தியது. விபத்து நேர்ந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் வந்து சக்கரத்தை அளப்பதற்கு முன் நாமே ஒரு கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஸ்டியரிங் நடுங்கிய சமாசாரத்தை மறந்துவிட்டேனே! அதற்கு ரோடு காரணமல்ல. சக்கரத்தின் நடுவே ஒரு துவாரம் இருக்கிறது. வண்டியின் குடம் அதற்குள் கச்சிதமாய் உட்காரவேண்டும். கடைகளில் விற்கும் சக்கரங்கள் பல வண்டிகளுக்கும் பொருந்தவேண்டும் என்பதற்காக அந்தத் துவாரத்தைப் பெரிதாகவே செய்கிறார்கள். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் கொடுக்கிறார்கள். எங்கள் பிள்ளையாண்டானுக்கு வளையம் கொடுக்கவில்லை. சக்கரம் மயிரிழை கோணலாக உட்கார்ந்து, 80 வேகத்தில் ஆட ஆரம்பித்தது. போல்ட்டுகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் அளவும் அச்சாக ஒன்றாயிருக்க வேண்டும். நான்கு போல்ட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம் என்றால் அதுவேதான். துவாரத்தை ராவிச் சரிக்கட்டுகிறேன் என்கிற கடையிலிருந்து திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள். சக்கரத்தின் நடுக் கோட்டிலிருந்து போல்ட்டு முகம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்பது இன்னொரு கணக்கு. ‘ஆஃப்செட்’ என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அது தவறினால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எங்கள் டயரைத் தகர விளிம்பு சீவியதற்கு உயரம் பாதி, இந்தத் துருத்தல் பாதி காரணம் என்று பஞ்சர் கடைப் பெரியவர் ஒரு குச்சியை வைத்து அளந்து காட்டினார். அவர் எந்தக் கலாசாலையிலும் படித்தவரல்ல.

காற்றைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னார். “ஓடி வந்த சூட்டிலே காத்து பார்க்காதீங்க, சாமி. காலையிலே குளிர்ந்திருக்கச்சே பாருங்க.” உண்மைதான், சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாய்க் காட்டும், நாமும் அதிகம் என்று எண்ணி இறக்கிவிடுவோம். எத்தனை அழுத்தம் வேண்டும் என்பதை டிரைவர் கதவின் ஓரத்தில் கம்பெனியே அச்சிட்டு ஒட்டியிருக்கிறது. வாயு ஸ்தலம் காளஹஸ்தியல்லவா? அக்கினி ஸ்தலத்தில் வாயுவைக் குறித்து உபதேசம் கேட்டது ஒரு விசேஷந்தான்.

டயர் வாங்கும்போது அதன் வயதையும் பார்க்கவேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தனியாக இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 32-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கவேண்டும். தேய்மானம் 1.6 மில்லிமீட்டர் பள்ளத்துக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் கார்களுக்கு உதவாது.

எந்தத் தேசத்து டயர் வாங்குவது என்று சிலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பெயர் எழுதியிருந்தால்தான் டயர் என்று எண்ணுகிற மனப்பான்மை நம்மைவிட்டு இன்னும் போகவில்லை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கியவர் மாம்மன் மாப்பிள்ளை. 1952-இல் அவர் பழைய டயருக்கு ஒட்டும் ரப்பர் செய்தார். அந்தக் கம்பெனி பிறகு டயரும் செய்து 1967-இல் அமெரிக்காவுக்கே அனுப்பியது. சக்கரமும் அப்படியே, சென்னை பாடியில் லட்சக்கணக்கில் செய்கிறார்கள். பலூனிலிருந்து டயர் வரையில் காற்றையே நம்பி முன்னுக்கு வந்த நாட்டில், டயரைப் படிக்க மட்டும் நமக்குத் தெரியாமலிருப்பது வேடிக்கை.

மறுநாள் காலை பெரியவர் எங்கிருந்தோ பழைய 15 அங்குலச் சக்கரங்கள் இரண்டு வாங்கி வந்து பின்பக்கம் மாட்டி, முன்பக்கத்துக்கு ஸ்டெப்னியையும் இன்னொன்றையும் பூட்டினார். நான்கும் ஒரே அளவுதானா என்று நானே எண்களைப் படித்துப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறினேன். 50-க்கு மேல் போகக்கூடாது என்பது அவர் நிபந்தனை. செஞ்சிக்கருகில் ஒருமுறை நிறுத்தி நட்டுகளை மறுபடியும் முறுக்கச் சொல்லியிருந்தார், அதையும் செய்தோம். இரண்டு நட்டு அரைச் சுற்றுக்குமேல் இடம் கொடுத்தன.

பட்டணம் வந்ததும் பிள்ளையாண்டான் 17 அங்குலச் சக்கரங்களைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனான். பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார்கள். அதைக் கொடுத்துவிட்டு, வண்டியின் உயர்ந்த ரகத்துக்கு வரும் 16 அங்குலச் சக்கரங்களையும் 195/55 டயர்களையும் வாங்கிப் பூட்டினான். ரசீதை என்னிடம் காட்டினான். அதில் டயரின் அளவு, பார எண், செய்த வாரம், வளையம் கொடுத்த விவரம் எல்லாம் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்கியிருந்தான். விலையை மாத்திரம் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தான்; அவன் தாயார் பக்கத்தில் நின்றாள்.